சண்முகப்பிரியாவின் ரெக்கார்டு நோட்டு

சண்முகப்பிரியாவின் கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி., பி.எட். என்று அச்சடித்திருந்தார்கள். பி.எஸ்சி. கணிதம் உண்மை. பி.எட். மாப்பிள்ளை வீட்டாரின் ஆசை. சொந்தபந்தம் முழுக்கப் பத்திரிகை போய்விட்டதால், பொய்யை நிஜமாக்கும் பொறுப்பு புருஷன் சதீஷ்குமார் தலையில் விழுந்தது. பல்லடம் சாலையில் அறுபது மெஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்துகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? கட்ட வேண்டியதைக் கட்டினால் போதும், வகுப்புக்கே வர வேண்டாம் என்கிற ஒரு கல்லூரியைப் பிடித்துச் சேர்த்துவிட்டான்.

இவளோ முதல் நாளே டிபன் பாக்ஸோடு போய் நின்றாள். ஆபீஸ் கிளார்க்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராமலே பாஸாகிற இடத்துக்கு வந்து ஏன் உயிரை வாங்குகிறாய் என்று கேட்டான். உள்ளதைச் சொன்னால், அவளுக்குப் படிப்பின் மேல் இருந்த ஆசையைவிட வீட்டின் மேல் இருந்த வெறுப்பு பெரிது. அறைக்கு அறை ஏ.சி. ஓடுகிற அந்த வீட்டில் அவள் வாயைத் திறந்தால் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்கள். தான் பேசினால் நாற்பது பேர் கேட்கிற ஓர் இடம் அவளுக்கு வேண்டியிருந்தது.

இரண்டாம் வருஷம் பதினாறு வாரக் கற்பித்தல் பயிற்சிக்கு ஓர் அரசுப் பள்ளி கிடைத்தது. வழிகாட்டி ஆசிரியை சித்ரகலா. வழிகாட்டி என்பது பேச்சுக்குத்தான். பயிற்சிக்கு வருகிற பெண்கள் எல்லாம் தனக்கு நேர்ந்துவிட்ட ஆடுகள் என்று அந்த அம்மாளுக்கு நினைப்பு. திருத்தாத விடைத்தாள் கட்டுகளை முதல் நாளே இவள் தலையில் இறக்கிவிட்டாள்.

பயிற்சியில் கேஸ் ஸ்டடி என்று ஒன்று உண்டு. ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, அதன் சங்கடத்தை விசாரித்து, ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். சித்ரகலா பீரோவிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துப் போட்டாள். அதில் ஒரு பெண் வகுப்பில் ஓயாமல் பேசுவாள், பயிற்சி ஆசிரியை அன்பு காட்டுவாள், பெண் திருந்திவிடுவாள். பத்து வருஷமாக அதே பெண் வருஷம் தவறாமல் திருந்திக்கொண்டிருந்தாள்.

"இதையே பாத்து எழுதிக்கம்மா. பேர மட்டும் மாத்திக்க."

சண்முகப்பிரியா நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எட்டாம் வகுப்புத் தரணியைத் தேர்ந்தெடுத்தாள். கணக்கில் புலி. பன்னிரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் வரவில்லை. வேண்டாத வேலை என்று சித்ரகலா முகத்தைச் சுளித்தாள்.

அன்று சாயங்காலமே தரணி குடியிருந்த லைன் வீட்டைத் தேடிப் போனாள். தாய்க்காரி முதலாளி வீட்டம்மாவைக் கண்டு வாசலில் நின்று திருதிருவென்று விழித்தாள்.

"உங்க கம்பெனிக்குத்தானுங்க அனுப்பியிருக்கறேன். உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அங்கிருந்து நேரே கம்பெனிக்குப் போனாள். கையில் ரெக்கார்டு நோட்டு. செக்கிங் மேஜைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, பனியனில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள் தரணி. நோட்டைக் கண்டதும் கத்தரியைப் போட்டுவிட்டு அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தாள். ஃபைலும் கையுமாக யார் வந்தாலும் அது சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் சோதனைக்கு அனுப்பிய ஆடிட் ஆளாக இருக்கும், கண்ணில் படக்கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்தச் சம்பாத்தியத்தில்தானே சண்முகப்பிரியாவும் சோறு தின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து பத்துப் பக்கம் எழுதினாள். பிள்ளையின் வயது பதின்மூன்று. காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு வரை வேலை. கம்பெனியின் பெயர், முதலாளியின் பெயர், எல்லாம். மறுநாள் காலையில் காபியோடு நோட்டையும் அவன் முன்னால் வைத்தாள்.

படிக்கப் படிக்க அவன் முகம் கறுத்தது. தாய்க்காரி வந்து கெஞ்சினாள், பாவம் பார்த்துச் சேர்த்தேன் என்றான். அது எடுபடாது என்று தெரிந்ததும் கத்தினான். நோட்டைத் தூக்கிக்கொண்டு அப்பன் வீட்டுக்கே போகச் சொன்னான். பிறகு, கிழிக்கப் போனான்.

"கிழிச்சுப் போடுங்க. மறுக்காவும் எழுதுவனுங்க. வெளியூர்ல இருந்து பரிச்சை நடத்த வர்றவங்க வரி விடாமப் படிப்பாங்க."

அவன் கை நின்றது. "பையர் காதுக்குப் போனா அத்தனை ஆர்டரும் போயிரும். உன்ற புருசன் தெருவுல நிக்கோணுமா?"

"திங்கக்கெழமை தரணி க்ளாஸ்ல உக்காந்திருக்கோணும். அவ ஆத்தாளுக்கு செக்கிங்ல வேலை குடுங்க. கடைசிப் பக்கம் இன்னும் எழுதலீங்க. நீங்க பண்றதப் பாத்துத்தான் எழுதுவேன்."

திங்கட்கிழமை தரணி வகுப்புக்கு வந்தாள், தாய்க்காரி செக்கிங்குக்குப் போனாள். அதற்குப் பிறகு சதீஷ்குமார் பெண்டாட்டியோடு பேசுவதை நிறுத்திவிட்டான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுகிற சத்தம்தான் பேச்சு. அவளும் சமாதானத்துக்குப் போகவில்லை. கடைசிப் பக்கத்தில் பிள்ளை திரும்பி வந்ததை எழுதினாள். முந்தைய பத்துப் பக்கத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

செய்முறைத் தேர்வு அன்று அவனே காரில் கொண்டுவந்து விட்டு, கல்லூரி வாசலிலேயே காத்திருந்தான். உள்ளே தேர்வாளர் நோட்டை வாங்கினார். பழுப்பு அட்டை ஒழுங்காகப் போட்டிருக்கிறதா, மார்ஜின் சிவப்பு மையில் இருக்கிறதா என்று புரட்டினார். ஒரு வரியில்கூட அவர் கண் நிற்கவில்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்தைப் போட்டு, நோட்டை அவளிடமே நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கூலிக்கு எழுதி வாங்கிய நோட்டுகளுக்கும் அதே கையெழுத்துதான். நீயெல்லாம் எதற்கு இத்தனை தூரம் வந்தாய் என்று அவரை மனசுக்குள் திட்டினாள். நோட்டைப் பையின் அடியில் வைத்து, அதன் மேல் டிபன் பாக்ஸை வைத்தாள்.

காரில் ஏறியதும், ஏழு வாரத்துக்குப் பிறகு அவன் வாயைத் திறந்தான்.

"படிச்சாங்களா?"

தரணி பத்தாவது முடிக்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

"வரி விடாமப் படிச்சாங்க" என்றாள். "கம்பெனி பேரத் தனியா எழுதி வெச்சுக்கிட்டாங்க. அந்தப் புள்ள பத்தாவது முடிக்கற வரைக்கும் நோட்டு அவிய பீரோவுலதான் இருக்குமாம்."

அவன் வண்டியைக் கிளப்பினான். அவள் மடியிலிருந்த பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.