பள்ளத்துக்கு விட்ட இடம்

செல்லாத்தாளுக்குக் கோபம் வந்தால் செருப்புப் போட மறந்துவிடும். அன்றும் வெறுங்காலோடுதான் பாலத்தைத் தாண்டினாள். முந்தின நாள் மழையில் மண்ணரைப் பள்ளத்து ஓடை கரைபுரண்டு ஓடியிருந்தது. ஷிப்மெண்ட் நெருங்குகிற நேரம் பார்த்து அவளுடைய பனியன் கம்பெனிக்குப் பாதி டெய்லர்கள் வரவில்லை. அக்கரை லைன் வீடுகளில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவதென்று கிளம்பினாள்.

அங்கே சாயம் கலந்த சேறு முழங்கால் மட்டும் நின்றது. டெய்லர் மாரிச்செல்வத்தின் மனைவி வெள்ளையம்மாள், கைக்குழந்தையைக் கட்டில்மேல் கிடத்திவிட்டு, வாளியால் சேற்றை வாரி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“வேலைக்குக் கூப்பிடத்தான் வந்தீகளாக்கா?” நிமிராமலே கேட்டாள்.

செல்லாத்தாள் பக்கத்தில் கிடந்த இன்னொரு வாளியை எடுத்து மத்தியானம் வரைக்கும் வாரினாள். இடுப்பை நிமிர்த்தும்போதெல்லாம் எதிர்க்கரையில் துணி வெட்டுகிற அவளுடைய கட்டிங் ஹால் தெரிந்தது. பள்ளத்து ஓரத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கிக் கட்டியது. அதை ஒட்டியே அண்ணன் தங்கராஜின் குடோன், அதற்கப்பால் இன்னொரு முதலாளி பொங்கியண்ணனின் ஷெட். மூன்று கட்டடமும் சேர்ந்து பாதிப் பள்ளத்தை விழுங்கியிருந்தன. அந்தச் சுவர்களில் மோதிய வெள்ளம்தான் இந்த வீடுகளுக்குள் புகுந்திருந்தது.

அடுத்த வாரம் தங்கராஜின் வீட்டில் முதலாளிகள் கூடினார்கள். இக்கரை நெடுகக் கான்கிரீட் சுவர் எழுப்புவது, செலவை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்வது என்று பேச்சு.

“நம்ம பக்கம் மெசினு, நூலு, சரக்குன்னு எவ்வளவு கெடக்குது. ஒரு வெள்ளத்தைத் தடுத்தாலே சுவத்துக்குப் போட்ட காசு திரும்பீரும்,” என்றான் தங்கராஜ்.

“அந்தப் பக்கத்துக்கு என்னங்ணா?”

“அங்க என்ன இருக்குது அம்மிணி? தகரமும் தட்டுமுட்டுச் சாமானமும். அதுக்கெல்லாம் சுவரு வெச்சாக் கட்டுபடியாகுமா?”

“தகரத்துக்குள்ள இருக்கற சனத்தை உங்க கணக்குல எங்கீங்ணா வெச்சீங்க?”

யாரோ சிரித்தார்கள். செல்லாத்தாள் எழுந்துவிட்டாள். “சுவத்துக்கு நான் தரமாட்டனுங்க. என்ற ஹாலை இடிக்கப் போறேன்.”

வீட்டில் கணவர் லிங்கசாமி கெஞ்சினார். “எடம் சுருங்குனா பெரிய ஆர்டர் போயிரும் செல்லா. யோசிச்சியா?”

யோசித்திருந்தாள். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் நட்டமெல்லாம் இக்கரையில் நின்றது, லாபமெல்லாம் அக்கரைக்குப் போயிற்று. “நட்டம்னு தெரிஞ்சேதானுங்க இடிக்கறேன்,” என்றாள்.

இடிக்க வந்த ஜேசிபியைத் தங்கராஜ் வழிமறித்தான். “இன்னைக்கு நீ உன்றதை இடிச்சா, நாளைக்கு ஆபீசருங்க என்றதுக்கு வருவாங்க. எங்களை நடுத்தெருவுல நிறுத்தப் பாக்கறியா?” டிரைவர் தயங்கி இறங்கப் பார்த்தான். செல்லாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறி அவன் பக்கத்தில் நின்றாள்.

“அவரு நகந்துக்குவாரு. நீ ஓட்டு கண்ணு.”

தங்கராஜ் நகர்ந்தான். ஜேசிபி ஹாலை இடித்து, அடியில் கொட்டியிருந்த மேட்டையும் வாரி எடுத்தது. அன்றோடு அண்ணன் தங்கச்சிப் பேச்சும் நின்றது.

ஆர்டர் போகத்தான் செய்தது. வேலை குறைந்ததும் டெய்லர்கள் சிலர் வேலம்பாளையம் கம்பெனிகளுக்கு மாறினார்கள். மாரிச்செல்வமும் போனான், ஓவர்டைம் அங்கேதான் கிடைத்தது. அதைக் கேள்விப்பட்டபோது செல்லாத்தாளுக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆனாலும் தடுக்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் பள்ளம் மறுபடி பெருகியது. வெள்ளையம்மாள் வீட்டில் தண்ணீர் கணுக்காலோடு வடிந்துவிட்டது. குடோனுக்கும் ஷெட்டுக்கும் எதிரே இருந்த வீடுகளில் மட்டும் பழையபடி ஏறியது. பார்த்துவிட்டு வந்த செல்லாத்தாள், தன்னால் ஆனதைச் செய்தாயிற்று என்று சும்மா இருந்துவிடவில்லை. மழை விட்டதும் வெள்ளையம்மாளையும் லைன் வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு மாநகராட்சி ஆபீசுக்குப் போனாள்.

பள்ளத்தை மறித்த கட்டடங்களை எடுக்கச் சொல்லி அவள் கொடுத்த மனுவைப் படித்த அதிகாரி, தயங்கித் தயங்கிக் கேட்டார். “தங்கராஜ் உங்க கூடப்பொறந்த அண்ணனுங்களே?”

“ஆமாங்க,” என்றாள் செல்லாத்தாள். “அவருக்கே மொதல்ல நோட்டீஸ் அனுப்புங்க.”