மெத்தை பாய் வீட்டுப் பரணில் பன்னிரண்டு பொரி மூட்டை

சூடான மணலில் அரிசி விழுந்ததும் முதலில் ஒரு சத்தமும் கேட்காது. இரண்டு மூச்சு விடும் நேரம் வாணலி சும்மா இருக்கும். பிறகு ஓரத்தில் ஒன்று, நடுவில் இரண்டு எனத் தொடங்கி, எல்லாம் சேர்ந்து படபடவென்று வெடித்து, உப்பும் புகையும் கலந்த வாசனை அடுப்படியிலிருந்து கிளம்பிச் சந்து முழுக்கப் பரவும். ஐப்பசி பிறந்ததிலிருந்து கார்த்திகை தீபம் வரைக்கும், திருவண்ணாமலையில் சின்னக்கடைத் தெருவுக்குப் பின்னாலிருந்த எங்கள் வீட்டில் பொழுது விடிவதே அந்தச் சத்தத்தில்தான். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் என் சடையை முகர்ந்து பார்த்து, "பொரி வாசனை அடிக்குதுடி" என்பார்கள். எனக்கு அதில் வெட்கமும் உண்டு, கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்பா பொரிக்கடைக்காரர். வருஷம் முழுக்கக் கடை திறந்திருந்தாலும் மற்ற மாதங்களில் அது பேருக்குத்தான். தீபத்துக்கு வீட்டுக்கு வீடு பொரி வேண்டும். வெல்லப்பாகில் உருட்டி விளக்கின் முன்னால் வைக்க வேண்டும். ஜோதி பார்க்க வருகிற வெளியூர் ஜனமும் படி படியாக அளந்து வாங்கிக்கொண்டு போகும். அந்தப் பத்து நாள் வியாபாரம்தான் அடுத்த தீபம் வரைக்கும் எங்கள் சோறு, துணி, என் படிப்பு எல்லாமே. ஒரு மாதம் வறுத்தால் பன்னிரண்டு மூட்டை தேறும். பார்க்கத்தான் ஆளுயரம்; பதினோரு வயசில் நானே ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிடுவேன். லேசாக நமத்துப் போனால் திரும்பச் சூடு காட்டிச் சமாளிக்கலாம். தண்ணீர் பட்டுவிட்டால் கூழ்தான், மாட்டுக்குத்தான் போட வேண்டும். அதனால் அந்த மாதம் முழுக்க அம்மா வானத்தைப் பார்ப்பதும், மூட்டையின் வாயைத் தொட்டுப் பார்ப்பதுமாகவே இருப்பாள்.

அப்பாவுக்கென்று இருந்த ஒரே சிநேகிதர் மெத்தை பாய். சத்தார் என்பது பெயர்; ஊரில் யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கோயிலுக்கு மேற்கே, பேகோபுரத்துக்குப் பின்னால், மலை ஏறத் தொடங்குகிற மேட்டில் அவர் வீடு. வீட்டோடு சேர்ந்த ஓட்டுக் கொட்டகையில் நாளெல்லாம் வில்லின் நரம்பைக் கட்டையால் தட்டிப் பஞ்சடிப்பார். சாயங்காலம் வெளியே வரும்போது புருவமும் மீசையும் வெளுத்திருக்கும். அவர் மகள் மெஹருன் என் வகுப்பு, என் பெஞ்சு. தீபத்தோடு எங்கள் வேலை ஓயும். அவருக்கோ அதற்கப்புறம்தான் சூடு பிடிக்கும். தை மாதக் கல்யாணங்களுக்கு, பெண்ணுக்குச் சீராகத் தரும் மெத்தைக்கும் தலையணைக்கும் முன்னாலேயே சொல்லிவைத்துவிடுவார்கள்; அதற்கான பஞ்சைக் கார்த்திகையிலேயே வாங்கிக் கொட்டகைப் பரணில் அடைத்து வைத்திருப்பார். அப்பாவைப் பார்த்தால் அவருக்கு நாக்கு சும்மா இருக்காது. "இன்னா பொரிக்காரரே, இந்த வருஷமும் காத்த மூட்டை கட்டி விக்கிறீங்களா?" என்பார். "நீங்க மட்டும் இன்னாவாம், அதே காத்த உறையில போட்டுத் தச்சுக் குடுக்கிறீங்க" என்று அப்பா சொல்லுவார். வருஷக்கணக்காக இதையே சொல்லி, இதற்கே சிரிப்பார்கள். எங்களுக்குத்தான் அலுத்துவிட்டது.

எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். தீபத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மழை பிடித்தது. டீக்கடை ரேடியோவில் வங்கக்கடலில் புயல் மையம் கொண்டிருக்கிறது என்று வேளைக்கு ஒரு தரம் சொன்னார்கள். கடலாவது, நமக்காவது, அது எங்கேயோ கிடக்கிறது என்றுதான் ஊர் முதலில் பேசிக்கொண்டது. இரண்டாம் நாள் எங்கள் ஓட்டு வீட்டில் ஏழு இடத்தில் ஒழுகியது. பாத்திரம் வைக்க இடமில்லாமல் அம்மா சோற்றுப்பானையைக்கூட ஏந்தி வைத்தாள். அதைவிடப் பெரிய பயம் ஏரி. மழை என்றாலே எங்கள் தெருக்காரர்களுக்குக் கவலை ஏரிக்கரை மேல்தான். கரை உடைந்தால் பள்ளத்திலிருக்கிற நாங்கள்தான் முதல் பலி. அதனால் அந்தப் பகுதியில் எல்லாரும் செய்வது ஒன்றே: பெட்டி, படுக்கை, விதை மூட்டை எதுவானாலும் மலைப்பக்கம் மேட்டிலிருக்கிற தெரிந்தவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவது.

அப்பா போய்க் கேட்பதற்குள் மெத்தை பாயே கைவண்டியும் தார்ப்பாயுமாக வந்து நின்றார். "ஒங்க காத்தையெல்லாம் கொண்ணாந்து எங்க ஊட்ல போடுங்க. ஏரி ஒடைஞ்சா கூட அங்க வர்றதுக்கு ஒரு வருஷம் ஆவும்" என்றார். மூன்று நடையில் பன்னிரண்டு மூட்டையும் மேடேறின. பரணில் பஞ்சு இருந்ததால், கொட்டகைத் தரையில் பலகை போட்டு அதன்மேல் அடுக்கினார்கள். அன்றைக்கு அம்மா நான்கு நாளைக்கப்புறம் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

மறுநாள் காற்று வந்தது. புளியமரம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே விழுந்தது, கரண்டு போனது, தகரக் கூரைகள் பறந்தன. அப்பா மணிக்கொரு தரம் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஏரியைப் பார்க்கப் போனார்; திரும்பி வந்து, "நிக்குது, கரை நிக்குது" என்றார். தெருவே அப்படித்தான் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றது. கும்பிடுவதற்காகத் தினம் பத்துத் தரம் பார்க்கிற மலையை, அன்றைக்கு ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. மலையிலிருந்து நமக்குக் கெடுதல் வரும் என்று நினைக்கவே இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. மதியம் இரண்டு மணி வாக்கில் மேட்டுப் பக்கமிருந்து ஓடிவந்த ஒருவர், மலைத்தண்ணி ஓடையை விட்டுத் தெருவுக்குள் பாய்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா செருப்புகூடப் போடாமல் ஓடினார். அம்மா கத்தக் கத்த நானும் பின்னாலேயே ஓடினேன்.

பாய் வீட்டுக் கொட்டகையின் பின்சுவர் இல்லை. அந்த வழியாகச் செந்தண்ணீர் கல்லும் முள்ளுமாக உள்ளே நுழைந்து முன்வாசலால் வெளியே போய்க்கொண்டிருந்தது. முட்டிவரைத் தண்ணீரில் பாய் நின்று, ஆட்டம் கண்ட பரண் கம்பத்தைத் தோளால் முட்டுக்கொடுத்துப் பிடித்திருந்தார். அவரைச் சுற்றிப் பஞ்சு மூட்டைகள் வாய் பிளந்து, சேறு குடித்துக் கிடந்தன. அண்ணாந்து பார்த்தால், பரண்மேல் எங்கள் மூட்டை பன்னிரண்டும் தார்ப்பாய் போர்த்தி, கயிறு கட்டி, பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மெஹருன் என்னைப் பார்த்ததும், "மூணு மூட்டை நான்தான்டி தூக்கினேன்" என்றாள். அவளுக்கு அது பெருமையாக இருந்தது. தண்ணீர் உள்ளே வந்ததும் அவள் அத்தா பரணிலிருந்த பஞ்சையெல்லாம் கீழே இழுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பொரியை ஏற்றச் சொன்னாராம். அந்தப் பரணில் இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் கோபித்துக்கொள்கிற மனுஷர் அவர். "அறிவிருக்கா பாய் ஒங்களுக்கு? பொரி போனா போவுதுன்னு வுட வேண்டியதுதானே! தை மாசத்துக்கு இன்னா பண்ணுவீங்க?" என்று சத்தம் போட்டுக்கொண்டே தானும் போய்க் கம்பத்துக்குத் தோள் கொடுத்தார்.

"பஞ்சு என்னுது. இது அமானத்துங்க" என்றார் பாய்.

"அப்படின்னா?"

"ஒருத்தர் நம்பி நம்ம கையில குடுத்துட்டுப் போன பொருளு. அத்த மொதல்ல காப்பாத்திட்டு, அப்பறம்தான் நம்மளுத பாக்கணும். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க." பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பஞ்சுதானே, நாலு வெயில் அடிச்சா காஞ்சிடும், வுடுங்க" என்று சிரித்தார். சொன்னவருக்கே அது பொய் என்று தெரியும்.

புயல் ஊரை விட்டுப் போனபோது எடுத்துக்கொண்டு போனவை பல. எங்கள் சந்துக்கு அடுத்த தெருவில் மண்சுவர் இடிந்து ஒரு தாயும் கைக்குழந்தையும் போய்விட்டார்கள். அந்தத் தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போக எனக்கு ரொம்ப நாள் கால் வரவில்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கமிருந்து எங்களுக்கு நெல் கொண்டுவருகிறவர், பிடுங்கிப் போட்ட வேர்க்கடலை அத்தனையும் குவியலிலேயே முளைவிட்டுவிட்டது என்று சொல்லி, அப்பா கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தீபத்து மாட்டுச் சந்தைக்கு ஓட்டிவந்த காளை ஜோடிகள் வாங்க ஆளில்லாமல் சேற்றில் நடுங்கி நின்றன. ஆனாலும் தீபம் நிற்கவில்லை. மலைமேல் ஜோதி தெரிந்தது, ஜனம் கம்மியானாலும் வந்தது. ஊரில் பாதிப்பேர் பொரி நமத்துப் போயிருந்ததால், பன்னிரண்டு மூட்டையும் ஐந்தே நாளில் காலியாயின. அவ்வளவு நல்ல வியாபாரம் எங்களுக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த வருஷம் எனக்குப் பாவாடை எடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு மெஹருன் வீட்டுக்குப் போக எனக்குப் பிடிக்கவில்லை.

தீபம் முடிந்து வெயில் வந்ததும் இரண்டு குடும்பமும் சேர்ந்து பஞ்சைக் காயவைத்தோம். மலையடிப் பாறைகளின் மேல் பிய்த்துப் பிய்த்துப் பரப்பினோம். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் மலைக்கு நரைத்துவிட்டது என்று கேலி பேசினார்கள். குரங்குகள் கை நிறைய அள்ளிக்கொண்டு ஓடின. ஒரு ஆடு ஒரு தலையணைக்கு ஆகிற பஞ்சைத் தின்றே விட்டது. அந்த ஆட்டைத் துரத்திக்கொண்டு மெஹருனும் நானும் ஓடியதும், அவள் அம்மாவும் என் அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததும் எனக்கு இன்றைக்கும் தித்திப்பான ஞாபகம். நஷ்டத்துக்கு நடுவில் அவ்வளவு சிரித்தோம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நிஜமாகவே சிரித்தோம்.

பஞ்சு காயத்தான் காய்ந்தது. ஆனால் கட்டி கட்டியாகப் பழுப்பேறிப் போயிற்று; என்ன அடித்தாலும் சேற்று நாற்றம் போகவில்லை. கல்யாணச் சீருக்கு அதை யார் வாங்குவார்கள்? சொல்லிவைத்தவர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அப்பா ஒரு நாள் வேட்டி மடிப்பில் எதையோ வைத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார். மடிப்புக் கலையாமல் அப்படியே திரும்பக் கொண்டுவந்தார். பொங்கல் கழிந்ததும் பாய் வில்லைச் சுவரில் மாட்டிவிட்டு, ஆம்பூரில் தோல் பதனிடுகிற இடத்துக்குக் கூலிக்குப் போனார். வைகாசியில் வீட்டையே காலி செய்துகொண்டு எல்லாரும் போய்விட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் மெஹருன், "லீவுல வருவேன்டி" என்றாள். வரவில்லை. என் பெஞ்சில் அந்த வருஷக் கடைசிவரை நான் வேறு யாரையும் உட்காரவிடவில்லை. அதற்காக டீச்சரிடம் அடியும் வாங்கினேன்.

அதற்கப்புறமும் எண்பதுகளில் இரண்டு மூன்று தரம் பெரிய மழை வந்தது. பெரிய தெருவில் மாடி கட்டியிருந்த மளிகைக்காரர் ஒவ்வொரு தரமும் ஆள் அனுப்பி, "மூட்டைய இங்க ஏத்திடுங்க, எடம் இருக்குது" என்று கூப்பிடுவார். அப்பா போகவே இல்லை. ஒரு வருஷம் ஏழு மூட்டை எங்கள் கண்ணெதிரிலேயே கூழாகிப் போனது. அம்மா அழுது தீர்த்தாள். கல்லூரிக்குப் போய் நாலெழுத்து படித்துவிட்ட திமிரில் நான் அப்பாவிடம் கேட்டேன், யாரையுமே நம்ப மாட்டீர்களா என்று. அப்பா ஈரச் சாக்கை உதறி மடித்துக்கொண்டே, "நம்பாம இல்லம்மா. குடுத்தா அவங்க காப்பாத்திடுவாங்க. அதான் பயமா இருக்குது" என்றார்.

அப்பா போய் இருபது வருஷமாகிறது. எங்கள் அடுப்பும் மணலும் போயின. கடையில் இப்போது வருகிற பொரி, காற்றுப் புகாத பாக்கெட்டில் எந்த ஊரிலிருந்தோ வருகிறது. மேட்டில் பாய் வீடிருந்த இடத்தில் மூன்று மாடி லாட்ஜ் நிற்கிறது. ஓடை இருந்த தடத்தின் மேல் அதன் வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது. ஆம்பூரில் விசாரித்துப் பார்த்தேன். அவர்கள் அங்கிருந்தும் போய்விட்டார்களாம், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

போன ஐப்பசியில் மறுபடி புயல் எச்சரிக்கை வந்தது. நான் இருப்பது செங்கம் ரோடு பக்கம், தாழ்வான தரைவீடு. எதிர்வீட்டுப் பெண் தையல் வேலை செய்கிறவள்; அவள் வீட்டு வாசலுக்கு இரண்டு படி உயரம் கூடுதல். தீபாவளிக்கு ஊரார் கொடுத்த துணிகள் அவள் கட்டில்மேல் அடுக்கியிருந்தன. என் வீட்டு வாசலில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, ஒங்க புக்ஸு, பெட்டி எல்லாம் எடுத்துட்டு வாங்க, இங்க வெச்சுக்கலாம்" என்று கூப்பிட்டாள். சொல்லும்போதே கட்டிலிலிருந்த துணிக்கட்டுகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கத் தொடங்கிவிட்டாள். "வேணாம்மா, வேணவே வேணாம், நீ துணிய மேல வெய்யி" என்று கொஞ்சம் அதட்டலாகவே சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. நான் அவளை நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள்.