பிரைட்டன் கரையில் ரீட்டா அக்கா

அன்று நான் “இருந்துவிடுங்கள்” என்று சொல்லவில்லை. “வந்துவிடுங்கள்” என்றும் சொல்லவில்லை. ரீட்டா அக்கா இறந்த செய்தி கைப்பேசியில் வந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். காலையில் இன்னும் மின்சாரம் வந்திருக்கவில்லை. இஸ்திரிப் பிரிவுப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே பர்மியில் சொன்னாள்: ஃபெர்ரி என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். மருத்துவமனை போய்ச் சேரும்வரை உயிர் தங்கவில்லை.

பர்மாவில், ஷ்வேப்யிதாவில் நாங்கள் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலையில் அவர் தரம் பார்க்கும் பிரிவுக்குத் தலைவி. எல்லோருக்கும் பர்மிய மரியாதையோடு ‘டோ’ ரீட்டா, எனக்கு மட்டும் அக்கா. நான் அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுபவள். அவர் தமிழில் பேசினால் நான் பர்மியில்தான் பதில் சொல்வேன்.

“ஏம்மா, சாமிகிட்டகூட பர்மியிலதான் பேசுவியா?” என்று சாப்பாட்டு அறையே திரும்பிப் பார்க்கும்படி கேட்பார். அந்தக் கேலிக்குப் பயந்தே என் தமிழ் தேறியது.

கணவரை இழந்தவர். நகரத்துக்குள், லான்மடாவில் ஒரு மாடி வீட்டில் அவரும் மகன் ஜானும். ஜானுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. அந்த வயதுப் பையன்களைக் கட்டாயமாகப் படைக்கு அழைக்கத் தொடங்கியிருந்த மாதங்கள் அவை. இருட்டிய பிறகு அவனை அக்கா வாசல்படி தாண்டவிடுவதில்லை.

அப்போதுதான் எங்கள் துணிகளை வாங்கும் நிறுவனம் ஒரு வாரப் பயிற்சிக்கு எங்கள் இருவரையும் லண்டனுக்கு அழைத்தது. சனிக்கிழமை விடுமுறை. அக்காவின் தம்பி சேவியர் பிரைட்டனில் சமையல் வேலையில் இருந்தார். காலையில் போய் மாலையில் திரும்புவதாக ரயிலேறினோம்.

கடலைப் பார்த்ததும் அக்கா நின்றுவிட்டார். மணலே இல்லை, கரையெல்லாம் கூழாங்கல்.

“என்னடா இது, ரோடு போடக் கொட்டி வச்ச மாதிரி இருக்கு!”

கோட்டுக்குக் கீழே, எங்கள் ஊர்ப் பெண்கள் கட்டும் லுங்கி காற்றில் படபடத்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சேவியர் வாங்கித் தந்த உருளைக்கிழங்கு வறுவலை அள்ளி வானத்தை நோக்கி வீசினார். குளிர்காலத்தில் போட்டாதாங் படகுத்துறைக்கு வரும் கடற்காகங்களுக்குத் தீனி போடுவது எங்கள் ஊரில் புண்ணியம். மாதா கோயிலுக்குப் போகிறவராக இருந்தும் அக்கா டிசம்பர் தவறாமல் ஜானோடு போய்ப் போடுவார். இங்கே பறவைகள் வறுவலோடு நிற்கவில்லை. ஒன்று என் கையிலிருந்த மீனையே பறித்துப்போனது. பக்கத்திலிருந்த முதியவர் கையை ஆட்டிக் கடிந்துகொண்டார்.

“அக்கா, இங்க போடக்கூடாதுக்கா!” என்று சேவியர் பதறினார்.

“பசின்னு வந்ததுக்குக் குடுத்தா குத்தமா? நம்மூருல எல்லாம் மரியாதையா வாங்கிக்கும்.”

முதியவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அவரும் சிரித்துவிட்டார்.

பிறகு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் சேவியர் விஷயத்துக்கு வந்தார்.

“திரும்பிப் போகாதக்கா. வக்கீலைக் கேட்டுட்டேன், இங்க இருக்க மனு போடலாம். வீட்ல ரூம் இருக்கு. முதல்ல நீ இரு, அப்புறம் ஜானைக் கூப்பிட்டுக்கலாம்.”

“அப்புறம்னா எப்போடா?”

அக்கா எழுந்து, கடலுக்குள் நீளும் பாலத்தின் நுனிவரை விறுவிறுவென்று போனார். வந்தார். உட்காராமல் மறுபடியும் போனார். இரண்டாம் முறை திரும்பியதும் என் முன்னால் நின்றார்.

“நீ நாலு புஸ்தகம் படிக்கிறவ. நான் என்ன செய்யட்டும், சொல்லு.”

இரண்டு பதில்களும் என் நாக்கில் இருந்தன. இரண்டுக்கும் விலை கொடுக்கப்போகிறவர் அவர். நான் வாய் திறக்கவில்லை.

“நல்ல புள்ள. நீயாச்சும் புத்தி சொல்லல” என்று என் கன்னத்தைத் தட்டினார்.

ரயில் நிலையத்தில் நின்றபோது ஜான் கைப்பேசியில் அழைத்தான். சாப்பிட்டானா என்று கேட்டார். கதவைப் பூட்டினானா என்று கேட்டார். அழைப்பை முடித்ததும் தம்பியின் தலையில் கைவைத்துச் சிலுவை வரைந்தார்.

“அவன் அங்க தனியா கதவைப் பூட்டிக்கிட்டு இருக்க, நான் இங்க எந்த ரூம்ல தூங்குவேன்?” என்றார்.

எனக்கு முன்னால் ரயிலேறியவர் அவர்தான். லண்டன்வரை அவர் உட்காரவே இல்லை, கதவருகே நின்றபடியே வந்தார்.

ஊர் திரும்பிய பின், திங்கட்கிழமை, ‘கூடப் போனவள் எங்கே’ என்று அலுவலகம் கூப்பிட்டு விசாரிக்க எதுவும் இருக்கவில்லை. போன இருவரும் வந்துவிட்டோம். ஆனால் அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஜானை எல்லைக்கு அப்பால் அனுப்பிவைத்தவர் அக்காவேதான். அவன் இருக்கும் ஊரை நான் எழுதமாட்டேன். என்னிடம் அவர் சொன்னதும் இவ்வளவுதான்: “போயிட்டான். நல்லாருக்கான். அதுக்கு மேல கேக்காத.” அதன் பிறகும் தினமும் வேலைக்கு வந்தார், எங்களைக் கேலி செய்தார், தையல் பிசகிய சட்டைகளைத் திருப்பி அனுப்பினார். மனம் எங்கே இருந்ததோ, அதை யாருக்கும் காட்டவில்லை.

அக்கா, நீங்கள் கற்றுக்கொடுத்த தமிழில் உங்களை வழியனுப்புகிறேன்.

வியாழக்கிழமை மதியம், நல்ல மழையில் அடக்கம் நடந்தது. சேவியர் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார், பாதியில் இணைப்பு அறுந்தது. முதல் பிடி மண் போட மகனைக் கூப்பிட்டார் பாதிரியார். ஜான் வரவில்லை. அவனால் வர முடியாது. நான் போட்டேன்.