திருவொற்றியூர் வீடும் எழுதித் தராத நான்கு வரிகளும்

வெளியூரில் இருந்துகொண்டே வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கிப் போடலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வாங்கலாம். அதற்கு முன் 1973-இல் நான் திருவொற்றியூர் போய்வந்த கதையைப் படித்துவிடுங்கள். பெருமைப்படும்படியான பயணம் இல்லை இது.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது, திருச்சியில் வேலை. கடற்கரைப் பக்கம் மூன்று குடித்தனம் இருந்த ஒரு கான்கிரீட் வீட்டை, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியிருந்தேன். பக்கத்தில் விறகுக்கடை வைத்திருந்த காதர் பாய்தான் எனக்காக அதைப் பார்த்துக்கொண்டவர். ஆவணி மாதம் அவரிடமிருந்து கடிதம்: ‘நடு வீட்டு அந்தோணி சுவரெல்லாம் ஆணி அடித்திருக்கிறான்.’ சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதுதான் குடிவைக்கும்போது நான் போடும் முதல் நிபந்தனை. காலி செய்யச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன்.

விடிகாலை ஐந்தே முக்காலுக்கு எழும்பூர். பாரிமுனை வரை ஒரு பஸ், இருபது காசு. அங்கிருந்து திருவொற்றியூருக்கு இன்னொன்று, நாற்பது காசு. பத்துக் கிலோமீட்டருக்குள்தான். ஆனால் ராயபுரம் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆயிற்று, துறைமுகத்து லாரிகள் வழிவிட்டால்தானே! கடல் பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் சட்டை பிசுபிசுத்துவிடும். அந்த உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

எட்டரை மணிக்குப் பாயையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனேன். அந்தோணி துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கடிதத்தில் இருந்தது உண்மைதான், நான்கு சுவரிலும் பெரிய ஆணிகள். அவற்றில் ஒரு பழைய மீன்வலையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். வலையில் உள்ளங்கை அகலத்துக்குக் காரைத் துண்டுகள் கிடந்தன. அதற்கு நேர் கீழே அவர் மனைவி பிலோமினா இரண்டு மாதக் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்.

“இன்னா பண்ணச் சொல்றே சார்? மேலேர்ந்து உதுந்துகினே கீது. பாய்கிட்ட சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். கொயந்த படுக்கிற எடம்” என்றார் அந்தோணி.

பாய் தலையைக் குனிந்துகொண்டார். “கட்டினவன் உப்புக் கெணத்துத் தண்ணிலயே சிமிட்டி கலந்துட்டான் தம்பி. கம்பியெல்லாம் துரு புட்ச்சிப் போச்சு.” செலவு வைக்கிறாரே என்று நான் கோபப்படுவேன் எனப் பயந்து கூரை விஷயத்தை அவர் எழுதவில்லை. அவர் நினைத்ததில் தப்பில்லை, நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. “ஒரு மாதம் வேறு இடத்தில் இருங்கள். கூரையை மாற்றிவிட்டுக் கூப்பிடுகிறேன்” என்றேன்.

“முன்ன இருந்த ராயபுரத்து வூட்லயும் இப்டித்தான் சார் சொன்னாங்க. ரிப்பேர் முடிஞ்சிருக்கும்னு போய்ப் பாத்தா, வேற ஆளு குந்திகினு கீறான். நாலு வரி எய்திக் குடுத்துடு, இப்பவே பொட்டியத் தூக்கினு போறோம்” என்றார் அந்தோணி.

நியாயமான பேச்சு. ஆனால் குடியிருப்பவருக்கு எழுத்தில் எதையும் கொடுக்காதே, அப்புறம் கிளப்ப முடியாது என்பது அந்தக் கால வீட்டுக்காரர்களின் வேதம். வாடகைக்கு ரசீதுகூடத் தர மாட்டோம். “என் வாக்கில் நம்பிக்கை இல்லையா?” என்று முறைத்துவிட்டு மாலை ரயிலுக்குத் திரும்பிவிட்டேன். அவர்களும் நகரவில்லை. பிடிவாதம் பிடிப்பது அந்தோணிதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் கூரை இறங்கிவிட்டது. வலையும் சேர்ந்து அறுந்து விழுந்திருக்கிறது. பிலோமினா குழந்தையின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாராம். வலது தோள் நொறுங்கியது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். “கொயந்தைக்கு ஒண்ணும் இல்ல சார்” என்று பிலோமினா எனக்கு ஆறுதல் சொன்னார். கூரை போட்டதும் அதே வீட்டில் குடிவைப்பதாகக் கையெழுத்துப் போட்டு அந்தோணியிடம் நீட்டினேன். அவர் படித்துப் பார்த்தார். “இப்ப இன்னாத்துக்கு சார் இது?” என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

புதுக் கூரை போட்டு ஆறு மாதம் அந்த வீட்டைப் பூட்டியே வைத்திருந்தேன். அவர்கள் வரவில்லை. அந்தக் கை பிறகு குழந்தையைத் தூக்கும் அளவுக்குத் தேறியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வாங்கப் போகிறவர்களுக்கு: கடலோரத்தில் பழைய கான்கிரீட் வீடு என்றால் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். வருடம் ஒருமுறையாவது, மழைக்கு முன்பு, நீங்களே நேரில் போய் அண்ணாந்து பாருங்கள். குடியிருப்பவருக்குக் கொடுக்கிற வாக்கு எதுவானாலும் எழுதிக் கொடுங்கள், அவர் கை நீட்டிக் கேட்கும்போதே.