வெள்ளிக்கிழமைக்கு ஒரு வரி

எடமலைப்பட்டி புதூர் இர்பானா எழுதும் புரோகிராமில் விளக்கக் குறிப்பு ஒன்றுகூட இருக்காது.

"புரோகிராம் தெளிவா இருந்தா போதும். அதுக்கு உரை வேறயா?" என்பாள்.

லால்குடியிலிருந்து ரயிலில் வந்து ஆபீஸில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் மாதவன் நேர் எதிர். இரண்டு எண்களைக் கூட்டினாலும், மேலே 'இங்கே கூட்டுகிறோம்' என்று எழுதி வைப்பான்.

"கல்யாணப் பத்திரிகையா அடிக்கிறீங்க?" என்று அவள் சீண்டுவாள்.

"நீங்க எழுதறது மொட்டைக் கடுதாசிங்க" என்பான் அவன்.

இரண்டு வருடப் போர். டீ மட்டும் சேர்ந்தே குடித்தார்கள்.

இர்பானாவின் தாய்மாமா அப்துல் சுக்கூருக்குப் பாலக்கரையில் பிரியாணிக் கடை. போனில் ஆர்டர் வாங்கும் ஆப் ஒன்றை அவருக்காகத் தனியாளாகச் செய்திருந்தாள். அவளுடைய முதல் சொந்தப் படைப்பு! "ஒரு தடவ சொதப்பினாலும் பழைய ஆர்டர் நோட்டுக்கே திரும்பிடுவேன்" என்றிருந்தார் மாமா.

அதில் ஒரு வரி: திங்களிலிருந்து எண்ணிக் கிழமை 5 என்றால் பன்னிரண்டு முதல் இரண்டரை வரை ஆர்டர் கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கடையே காலியாகிவிடும். அவள் தெருவில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். இதற்கு ஒரு விளக்கமா?

புதன்கிழமை அவளுக்குக் காய்ச்சல். சின்னத் திருத்தம் ஒன்றை மாதவனிடம் ஒப்படைத்தாள். காரணம் சொல்லாமல் நின்ற அந்த வரியைக் கண்டான், பாவி. 'தேவையற்ற வரி நீக்கப்பட்டது' என்று அழகாகக் குறிப்பெழுதி, நீக்கினான்.

வெள்ளி மதியம் ஒரு மணி. மூடிய ஷட்டர் முன்னால் இருபத்தேழு பேர், கையில் போனும் வயிற்றில் பசியுமாக. சேதி கேட்டு இருவரும் ஸ்கூட்டரில் பறந்து வந்தார்கள்.

"தப்பு என்னோடதுங்க" என்று மாதவன் கூட்டத்தைக் கும்பிட்டான்.

"இல்ல, என்னோடது!" என்றாள் இர்பானா. அதற்கும் சண்டை!

"எதுக்குன்னு எழுதியிருந்தா தொட்டிருப்பேனா?"

"உங்க முந்நூறு குறிப்புலயும் என்ன செய்யுதுன்னுதான் இருக்கு. எதுக்குன்னு ஒண்ணுலயாவது இருக்கா?"

சொன்ன பிறகுதான் இருவருக்குமே உறைத்தது.

தொப்பியோடு திரும்பிய மாமா கூட்டத்தைப் பார்த்தார். "நோட்டு எங்க வச்சேன்?" என்றார். இர்பானாவின் கண்கள் குளமாயின. மாமா மனம் இளகினார். "அழாத புள்ள. அடுத்த வெள்ளி வரைக்கும் பாப்போம்."

திங்களன்று மாதவன் தன் 'கூட்டுகிறோம்'களை எல்லாம் அழித்தான். இர்பானா நீக்கிய வரியைத் திரும்பச் சேர்த்து, அதன் மேல் தன் வாழ்வின் முதல் குறிப்பை எழுதினாள்: 'வெள்ளி மதியம் எல்லோரும் ஜும்ஆவில். இந்த வரியை நீக்குபவர் ஷட்டர் முன்னால் வந்து பதில் சொல்லவும்.'

"கடைசி வாக்கியம் தேவையாங்க?"

"அதாங்க ரொம்பத் தேவை."

அடுத்த வெள்ளி ஒரு மணிக்கு ஷட்டர் முன்னால் ஒருவரும் இல்லை. மாமா நோட்டைத் தேடவும் இல்லை.