கயிற்றுக்கு அடியில் இருந்த பொத்தான்

2009ஆம் ஆண்டு, ஆனித் திருமஞ்சனத்துக்கு முந்தின நாள். காலை ஆறு மணிக்குப் பண்ருட்டியிலிருந்து நானும் மனைவியும் சிதம்பரம் புறப்பட்டோம். வண்டி என் மைத்துனருடையது. முந்திரித் தோப்பு மணலில் புதையக் கூடாதென்று வாங்கிய பழைய வெளிநாட்டு வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். ஓட்டியவர் அவருடைய டிரைவர் செல்வம்.

திருவதிகைக் கோயிலில் அர்ச்சனை செய்து, பத்து ரூபாய் மஞ்சள் கயிற்றை நானே கியர்க் கம்பியின் தலையில் ஏழு சுற்று இறுக்கிக் கட்டினேன்.

கடலூர் இருபத்தைந்து கிலோமீட்டர். கடலூரைத் தாண்டி ரோடு நேரானதும் எஞ்சின் அலறியது. ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஓவர்டிரைவ் விழலண்ணே. வேகம் புடிச்சா கடைசி கியரு விழுந்து எஞ்சின் அடங்கணும். அதோட பட்டன் கம்பியிலதான் இருக்கு. கயித்தக் கொஞ்சம் நவுத்திப் பாக்குறேன்" என்றார் செல்வம்.

"சாமி கயித்துல கை வெக்காத. காலையில குளிச்சியா மொதல்ல?"

பின்னாலிருந்து மனைவி, "அந்தப் புள்ள சொல்றத ஒரு தடவ கேட்டாத்தான் என்னவாம்?" என்றாள். நான் கேட்கவில்லை.

எட்டு மணிக்குப் புதுச்சத்திரத்தில் டீ. அங்கிருந்தே மைத்துனருக்குப் போன் போட்டு, "ஒன் ஆளு வண்டிய கெடுத்துட்டான்" என்றேன். அவர் செல்வத்திடம் பேசினார். செல்வம் "சரிங்க" என்று மட்டும் சொல்லி, சாவியை என் கையில் வைத்துவிட்டுக் கடலூர் பஸ் ஏறிவிட்டார். அவருக்கு வேலை போய்விட்டது.

மீதித் தூரம் நானே ஓட்டினேன். சிதம்பரத்தில் மெக்கானிக் கயிற்றை விரலால் ஒதுக்கி, அடியிலிருந்த பொத்தானை அமுக்கினார். விளக்கு அணைந்தது.

"கட்டும்போது அமுக்கிட்டீங்க, ஓவர்டிரைவ் ஆஃப் ஆயிடுச்சி. காசா? இதுக்குப் போயி காசு வாங்குனா நடராசர் என்னத்தான் ஒதைப்பாரு!"

சந்நிதியில் தலையை நிமிர்த்த முடியவில்லை. வெளியே வந்து மைத்துனருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"நீங்களே போயி கூப்புடுங்க மாமா" என்றார்.

திரும்பும் வழியில் எஞ்சின் அடங்கி ஓடியது. அந்த அமைதி என்னைக் கொன்றது. மாலை நான்கு மணிக்குப் பண்ருட்டியில் செல்வத்தின் வீட்டு வாசலில் நின்று, "தப்பு என்னுதுப்பா. நாளைக்கி வேலைக்கி வந்துடு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "ஓவர்டிரைவ் விழுதாண்ணே இப்ப?" என்றுதான் கேட்டார்.

தலையாட்டினேன். என் கையில் சிதம்பரத்து விபூதிப் பொட்டலம் இருந்தது. காலையில் குளித்தாயா என்று கேட்டவன் நான். அந்தப் பொட்டலத்தை அவரிடம் நீட்டக் கை கூசியது.