தொண்டை அடைக்காத வீரர்கள்

வானொலி நிலையத்தில் அவளைப் பிளேடு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டி, வேண்டாததை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒட்டிக் கொடுப்பது அவள் வேலை. உண்மையில் பிளேடு போடுகிறவர் நிகழ்ச்சி அதிகாரிதான். காலையில் எல்லோரையும் நிற்கவைத்து, மக்களின் மனத்தெம்பு நம் கையில் இருக்கிறது என்று அவர் ஆரம்பித்தால் டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

போர் தொடங்கியதிலிருந்து மத்தியானச் செய்திக்குப் பிறகு 'வீட்டுக்கு ஒரு குரல்' என்று ஒரு நிகழ்ச்சி. படைமுகாமுக்கு ஒலிப்பதிவு வண்டி போகும். சிப்பாய்கள் வரிசையில் வந்து ஆளுக்கொரு நிமிடம் வீட்டுக்குப் பேசுவார்கள். நல்லா இருக்கேன், வேளாவேளைக்குச் சாப்பிடுறேன், கவலைப்படாதீங்க. அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது. தேதி, இடம், மழை, வெயில் எதுவும் பேச்சில் வரக் கூடாது, எதிரி காதில் விழுந்துவிடுமாம். அதில் நிலையத்துக்கும் ஒரு சௌகரியம் இருந்தது. தேதி இல்லாத பேச்சை என்றைக்கு வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம்.

அந்த நாடாக்கள் அவள் மேஜைக்கு வரும். இருமல், பெருமூச்சு, விசும்பல், திக்கல் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். நம் வீரனுக்குத் தொண்டை அடைக்காது என்பது அதிகாரியின் உத்தரவு. எதையாவது தப்பாக வெட்டியிருந்தால் திரும்ப ஒட்ட வேண்டுமே என்று, வெட்டிய துண்டுகளை அவள் உடனே எறிய மாட்டாள். அன்றைய வேலை முடியும்வரை மேஜைக்கு மேலே ஒரு கம்பியில் கிளிப் போட்டு மாட்டிவைப்பாள். பெற்றவர்கள் கேட்டிருக்க வேண்டிய அழுகையெல்லாம் துணி காயப்போட்ட மாதிரி அங்கே தொங்கும். ஆரம்பத்தில் அவளுக்கு இந்த வேலையில் பெருமைகூட இருந்தது. ஒட்டின இடம் தெரியாது என்று நாலு பேர் மெச்சினால் யாருக்குத்தான் கசக்கும்?

போன வாரத்தோடு அது போயிற்று. ராணுவத் தொடர்பு அதிகாரி வந்திருந்தார். முன்னணியில் இருந்த ஒரு படைப்பிரிவு மொத்தமாக அழிந்துவிட்டது, ஒருத்தனும் மிஞ்சவில்லை என்று, பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி சொன்னார். அந்தப் பிரிவுப் பையன்கள் சில மாதத்துக்கு முன் பேசிய நாடாக்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றனவே, என்ன செய்வது என்று அவள் கேட்டாள்.

“போடுங்க. திடீர்னு நிறுத்தினா சனங்களுக்குச் சந்தேகம் வந்துடும்,” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பிஸ்கட்டை எடுத்தார். நிகழ்ச்சி அதிகாரி பூம்பூம் மாடாகத் தலையாட்டினார். நனைந்த பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தபோது ராணுவக்காரர் உச்சுக்கொட்டினார். அந்தப் பிரிவுக்கு அவர் கொட்டாத உச்சு அது.

இதையெல்லாம் அவள் காதால் கேட்டாள். ஆனாலும் போய் மேஜையில் உட்கார்ந்து பிளேடைத்தான் எடுத்தாள். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு. பட்டறையை மூடியதிலிருந்து கணவனுக்கு வேலை இல்லை. அவன் மத்தியானமானால் ரேடியோவை ஜன்னலில் வைத்து, தெருவே கேட்கும்படி திருகிவிட்டு, என் பெண்டாட்டி கைபட்ட நிகழ்ச்சியாக்கும் என்று கண்ணைத் துடைத்துக்கொள்வான். அவன் வாயில் எதுவும் தங்காது. அதனால் அவனிடமும் அவள் மூச்சு விடவில்லை.

இந்த வாரம் ஒருநாள் முறை வந்தது அந்தப் பிரிவுப் பையன் ஒருவனுக்கு. பையனுக்குத் திக்குவாய். அம்மா என்ற சொல்லை அவன் முட்டி மோதித்தான் வெளியே கொண்டுவந்தான். அவள் ஒவ்வொரு முட்டலையும் வெட்டி எடுத்துக் கம்பியில் மாட்டினாள். வேலை முடிந்தபோது பையன் செய்தி வாசிக்கிறவனைப் போலக் கடகடவென்று பேசினான். மத்தியானம் அது அவன் பெயரோடு ஒலிபரப்பானது.

சாயங்காலம் ஆவதற்குள் நிலையத்து வாசலில் ஒரே சத்தம். ஒரு அம்மாள் வந்திருந்தாள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். முழங்கை வரைக்கும் பழைய சூட்டுத் தழும்புகள். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள். காவலாளி எவ்வளவு சொல்லியும் நகரவில்லை. கூட்டம் சேரவே, நிகழ்ச்சி அதிகாரி தானே இறங்கி வந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, அவளைப் பிளேடு அக்காவின் அறைக்குக் கூட்டிவந்தார்.

“ரேடியோவுல பேசினது என் பையன் இல்லம்மா. அவனுக்கு அம்மான்னு ஒரே மூச்சுல சொல்ல வராது. வேற யாரையோ பேச வெச்சிருக்கீங்க. அப்படின்னா அவன் எங்க?”

கேட்க வந்தது அந்த ஒன்றைத்தான். பிள்ளை இருக்கிறானா, இல்லையா.

வெட்டினதையெல்லாம் ஒட்டிப் போட்டுக் காட்டுங்க, அம்மா திருப்தியாப் போகட்டும் என்றார் அதிகாரி. பிளேடு அக்கா கம்பியிலிருந்து துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதது இருந்த இடத்தில் வைத்து ஒட்டினாள். ஒன்றை இரண்டு தரம் ஒட்ட வேண்டியிருந்தது. பிறகு இயந்திரத்தை ஓடவிட்டாள். பையன் திக்க ஆரம்பித்ததும் அந்த அம்மாளின் உதடும் கூடவே அசைந்தது. சின்ன வயசிலிருந்து அப்படித்தான் அவனைக் கைதூக்கி விட்டிருப்பாள் போலிருக்கிறது. சொல் வந்து விழுந்ததும் அவளுக்கு மூச்சு வந்தது.

“இவன்தான். என் புள்ளதான். இது எப்போ பேசினது?”

அதிகாரி பிளேடு அக்காவைப் பார்த்தார்.

“போன வாரம்மா,” என்றாள் அவள். இருமல் இல்லை, தயக்கம் இல்லை. அத்தனை சுத்தமாக வந்தது பொய்.

அந்த அம்மாள் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கடையைத் திறந்தபடி விட்டுவந்ததாகச் சொல்லிவிட்டு அவசரமாகக் கிளம்பிப் போனாள். கதவு சாத்தியதும் அதிகாரி நாடாவை இன்னொரு தரம் ஓடவிட்டுக் கேட்டார்.

“திக்குறதும் கேக்க நல்லாத்தான் இருக்கு. உருக்கமா இருக்கு. இனிமே அங்கங்க கொஞ்சம் விட்டு வைங்க.”

சீ என்றாகிவிட்டது அவளுக்கு. அவரைக் கண்டு மட்டுமில்லை. அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எந்த இடத்தில் எவ்வளவு விடலாம் என்று தன் புத்தி கணக்குப் போட்டதை அவள் கவனித்துவிட்டாள். குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். கழுவக் கழுவ அருவருப்புதான் ஏறியது. செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி ஓடினாள்.

அந்த அம்மாள் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். பிளேடு அக்கா எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னாள். பையன் பேசி மாதக்கணக்காகிறது, அந்தப் பிரிவில் ஒருத்தரும் மிஞ்சவில்லையென்று ராணுவக்காரர் தன் எதிரிலேயே சொன்னார், போன வாரம் என்று தான் சொன்னது பொய்.

அந்த அம்மாள் கூச்சல் போடவில்லை. நிறுத்தத்துக் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்து, ஆளை இறக்கிவிட்டு, போயேபோய்விட்டது. அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

“இன்னிக்கு அதப் போடும்போதே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

காலில் மிதித்துவிட்ட அசிங்கத்தைப் பார்ப்பதைப் போல அவள் பிளேடு அக்காவைப் பார்த்தாள். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தாள். நேராக நிலையத்துக்கு வந்து, வண்டிகள் உள்ளே போகிற வழியில், வாசலை மறித்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். காவலாளி ஓடிவந்து என்னம்மா இது என்று கேட்டான்.

“நல்லா இருக்கான்னு ஊருக்கே சொன்னீங்கல்ல? இல்லைன்னும் அதே ரேடியோவுல சொல்லுங்க. சொன்னப்புறம் எந்திரிக்கிறேன்.”

ஒரு ஜீப் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாடி ஜன்னலிலிருந்து அதிகாரி, நைசாகப் பேசி உள்ளே கூட்டிவா என்று, பின்னாலேயே வந்திருந்த பிளேடு அக்காவுக்குக் கையைக் காட்டினார். அவள் அவரைக் கண்டுகொள்ளாமல் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் உட்காரப் போனாள்.

“நீ இங்க உக்காராத,” என்றாள் அந்த அம்மாள். “உனக்கு உள்ள வேலை இருக்கு.”

பிளேடு அக்கா உள்ளே போனாள். படியில் எதிரே வந்த அதிகாரி என்ன சொல்கிறாள் அவள் என்று கேட்டார். அவரைத் தாண்டி ஒலிபரப்பு அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டாள். சாயங்காலச் செய்தி நேரடியாகப் போய்க்கொண்டிருக்க, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செய்தி வாசிக்கிறவன் தாளிலிருந்து தலையைத் தூக்கினான்.

“கொஞ்சம் நகருப்பா,” என்று அவன் தோளைத் தொட்டாள்.